குழாய் கழன்றால் நிற்கும் வண்டி

மன்னாரைப் பற்றிப் பேசுவோர் முத்துக்குளிப்பைச் சொல்லுவர். திருக்கேதீச்சரத்தையும் மடுத் திருப்பதியையும் சொல்லுவர். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தையும் மறவாது சொல்லுவர். இவையெல்லாம் சொல்லத் தகுந்தனவே. ஆயினும், இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் இவற்றுள் எதுவுமன்று. மன்னார்த் தீவின் நெடுகே ஓடிய புகையிரதத்தில், ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் இடையே தொங்கிக்கொண்டிருந்த றப்பர்க் குழாயே இன்றைய பேச்சின் பொருள். அக்குழாயினுள் நீரும் இல்லை, நீராவியும் இல்லை, எண்ணெயும் இல்லை. காற்றுங்கூடப் பெரும்பாலும் இல்லை. ஒன்றுமில்லாமையைச் சுமந்து செல்வதே அதன் தொழில். அந்த ஒன்றுமில்லாமையே பல இலட்சம் பயணிகளின் உயிரைக் காத்து வந்தது என்றால், அதன் வரலாற்றைச் சிறிது கேட்பது தகும் அல்லவா?

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன். மதவாச்சியில் வட பாதையிலிருந்து பிரிந்து, செட்டிகுளம், மடு வீதி, முருங்கன், மாதோட்டம் என்னும் இடங்களைக் கடந்து, கடல்மேல் அமைந்த பாலத்தின் வழியே மன்னார்த் தீவை அடைந்து, பேசாலையைத் தாண்டித் தலைமன்னார் இறங்குதுறையில் முடிவது இப்பாதை. 1914ஆம் ஆண்டில் இது திறக்கப்பட்டது. அதே ஆண்டில் பாம்பன் பாலமும் திறக்கப்பட்டது. சென்னையில் ஏறிய பயணி தனுஷ்கோடிவரை புகையிரதத்திலும், அங்கிருந்து ஏறத்தாழ 2 மணி நேரம் கப்பலிலும், தலைமன்னாரிலிருந்து மறுபடியும் புகையிரதத்திலும் கொழும்புக்கு வரலாயிற்று. ‘போட் மெயில்’ என்ற பெயர் இரு கரையிலும் வழங்கியது. தனுஷ்கோடிப் பக்கத்துத் தண்டவாளம் மீற்றர் அகலம். நம் பக்கத்துத் தண்டவாளம் ஐந்தரை அடி அகலம். அகலம் வேறாயினும், இரு பக்கத்து வண்டிகளையும் நிறுத்தியது ஒரே முறை. அதுவே வெற்றிட பிறேக்.

இந்த முறை தோன்றுவதற்கு முன்பு வண்டிகள் எவ்வாறு நின்றன? இயந்திரத்தில் ஒரு பிறேக் இருந்தது. காப்பாளரின் பெட்டியில் கையால் முறுக்கும் பிறேக் ஒன்று இருந்தது. இடையிலே உள்ள பெட்டிகளுக்குப் பெரும்பாலும் எதுவும் இல்லை. சாரதி விசில் ஊதுவார். காப்பாளர் கேட்டுச் சக்கரத்தை முறுக்குவார். வண்டிகள் சிறியனவாயும் மெதுவாகவும் ஓடிய காலத்தில் இது போதுமாயிருந்தது. வேகமும் பாரமும் கூடியபோது போதாதாயிற்று. எல்லாப் பெட்டிகளின் சக்கரங்களையும் ஒரே நேரத்தில், ஒரே கையால் பிடிக்க வேண்டும் என்ற தேவை எழுந்தது.

அமெரிக்காவில் ஜோர்ஜ் வெஸ்ரிங்ஹவுஸ் என்பார் 1869இல் அழுத்தப்பட்ட காற்றைக் கொண்டு இதனைச் செய்து காட்டினார். பிரித்தானியக் கம்பனிகள் பல வேறொரு வழியை நாடின. காற்றை அழுத்துவதற்குப் பதிலாகக் காற்றை அகற்றினால் என்ன என்று எண்ணின.

காற்றுக்கு எடையுண்டு என்பதை 1643இல் இத்தாலியரான தொரிசெல்லியின் பரிசோதனை காட்டியது. கடல் மட்டத்தில், நம்மைச் சூழ்ந்த வளிமண்டலம் ஏறத்தாழ 30 அங்குல உயரமான இரச நிரலைத் தாங்கி நிறுத்தும். அதே நூற்றாண்டில் ஜெர்மனியில் மக்டபேர்க் நகரத் தலைவராயிருந்த ஒற்றோ வொன் கெறிக்கே, இரண்டு உலோக அரைக்கோளங்களைப் பொருத்தி உள்ளேயிருந்த காற்றை வெளியேற்றினார். இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுத்தும் அவற்றைப் பிரிப்பது அரிதாயிற்று. அரைக்கோளங்களை உள்ளிருந்து எதுவும் பிடித்திருக்கவில்லை. வெளியிலிருந்த காற்றே அழுத்திப் பிடித்திருந்தது. வெற்றிடம் இழுப்பதில்லை, அது இடம் விடுகிறது, வெளிக்காற்றுத் தள்ளுகிறது. இந்த ஒரு கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதாகும்.

இயந்திரத்திலிருந்து கடைசிப் பெட்டிவரை ஒரு குழாய் செல்லுகிறது. பெட்டிக்குள் அது இரும்பு. பெட்டிகளுக்கிடையே அது வளையத்தக்க றப்பர். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ஓர் உருளையும் அதற்குள் ஒரு முசலமும் உண்டு. முதலில் வந்த எளிய வெற்றிட பிறேக்கில், வண்டியை நிறுத்த வேண்டும்போது மட்டும் சாரதி குழாயிலுள்ள காற்றை உறிஞ்சுவார். முசலத்தின் ஒரு பக்கத்தில் வெற்றிடம் தோன்ற, மறுபக்கத்து வெளிக்காற்று அதனைத் தள்ள, பிறேக் கட்டைகள் சக்கரங்களைப் பற்றும். கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதில் ஒரு கொடிய குறை மறைந்திருந்தது. குழாய் ஓரிடத்தில் கழன்றுவிட்டால், அதற்குப் பின்னால் உள்ள எந்தப் பெட்டிக்கும் பிறேக் இல்லை. அதைவிடக் கொடியது, பிறேக் இல்லை என்பதை அறிவிக்கும் அடையாளமும் இல்லை என்பது.

அந்தக் குறைக்கு உலகம் செலுத்திய விலை பெரிது. 1889ஆம் ஆண்டு யூன் மாதம் 12ஆம் நாள், வட அயர்லாந்தில் ஆர்மா என்னும் ஊரிலிருந்து ஞாயிற்றுப் பாடசாலைப் பிள்ளைகளும் பெற்றோரும் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் புறப்பட்டனர். 15 பெட்டிகள், ஏறத்தாழ 940 பேர். ஏற்றம் ஒன்றில், உச்சியை அடையச் சிறிது தூரமே இருக்கையில், இயந்திரம் இழுக்க மாட்டாது நின்றது. பொறுப்பாயிருந்தவர்கள் வண்டியை இரண்டாகப் பிரிக்க முடிவு செய்தனர். முன் பகுதியை அடுத்த நிலையத்திற்குக் கொண்டுசென்று விட்டு, பின் பகுதிக்குத் திரும்பி வருவது எண்ணம். பெட்டிகளைப் பிரித்தபோது வெற்றிடக் குழாயையும் பிரித்தனர். அந்தக் கணத்திலேயே பின்னால் நின்ற 10 பெட்டிகளும் பிறேக் அற்றவையாயின. காப்பாளர் பெட்டியின் கைப்பிறேக்கும், சக்கரங்களின் கீழே வைத்த சில கற்களுமே அவற்றைத் தாங்கி நின்றன. முன் பகுதி புறப்படும்போது சற்றே பின்வாங்கி மெல்ல இடித்தது. கற்கள் நொறுங்கின. பெட்டிகள் சரிவிலே பின்னோக்கி உருண்டன. கதவுகள் பூட்டப்பட்டிருந்தமையால் பலர் வெளியேற வழியின்றி இருந்தனர். அதே பாதையில் பின்னால் வந்துகொண்டிருந்த மற்றொரு புகையிரதத்தின்மீது அவை மோதின. 80 பேர் மாண்டனர். அவர்களுள் பிள்ளைகள் பலர். காயமுற்றோர் இருநூற்றுக்கும் மேற்பட்டோர்.

பாடசாலைப் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் எவரும் இந்நிகழ்ச்சியைக் கேட்டு நெஞ்சு நடுங்காமல் இருக்க முடியாது. ஒரு குழாய் கழற்றப்பட்டது என்பதே அதன் சுருக்கம்.

அதே ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. பயணிகள் வண்டி ஒவ்வொன்றும், எல்லாப் பெட்டிகளையும் ஒருங்கே பற்றுவதும் தானாக இயங்குவதுமான பிறேக்கைக் கொண்டிருக்க வேண்டும் என்பது அதன் கட்டளைகளுள் ஒன்று. தானாக இயங்குவது என்பதன் பொருள் யாது? குழாய் அறுந்தாலும், கழன்றாலும், வண்டி இரண்டாகப் பிரிந்தாலும், எவரும் கை வைக்காமலே பிறேக் பற்றிக்கொள்ள வேண்டும் என்பதே.

வெஸ்ரிங்ஹவுஸ் 1872இலேயே தம் அழுத்தக்காற்று முறையை இவ்வாறு மாற்றியிருந்தார். வெற்றிட முறையிலும் அதே கருத்து ஏறியது. செய்ததெல்லாம் முறையைத் தலைகீழாக்கியதுதான். வண்டி ஓடும்போது குழாயில் எப்போதும் வெற்றிடம் இருக்கும். பிரித்தானிய வழக்கில் அது பெரும்பாலும் 21 அங்குல இரச அளவு. முசலத்தின் மேலும் வெற்றிடம், கீழும் வெற்றிடம். ஆகவே முசலம் தன் எடையாற் கீழே கிடக்கும். சக்கரங்கள் தடையின்றி உருளும். சாரதி நிறுத்த விரும்பினால் குழாய்க்குள் காற்றை விடுவார். காற்று முசலத்தின் கீழே புகும். மேலறைக்குள் அது நுழையாதபடி சிறு குண்டு வால்வு ஒன்று அடைத்துக்கொள்ளும். கீழே காற்று, மேலே வெற்றிடம், முசலம் மேலெழும், பிறேக் பற்றும். 18 அங்குல விட்டமுள்ள உருளையில் இவ்வாறு எழும் விசை ஏறத்தாழ 2,500 இறாத்தல். அஃதாவது ஒரு தொன்னுக்கும் அதிகம்.

இப்போது குழாய் கழன்றால் என்ன நடக்கும்? காற்று தானே உள்ளே பாயும். சாரதி செய்வதைக் கழன்ற குழாயே செய்துவிடும். வண்டி நிற்கும். பெட்டியில் உள்ள அபாயச் சங்கிலியும் இதே நியாயத்தின்படிதான் இயங்குகிறது. சங்கிலியை இழுக்கும் பயணி, குழாய்க்குள் காற்றுப் புகச் சிறு வழி திறக்கிறார், வேறொன்றுமில்லை. பழைய முறையில் பிழை மௌனமாய் இருந்தது. புதிய முறையில் பிழை உரத்துச் சொல்லியது. நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய மாற்றம் இதுவே.

தலைமன்னாரில் இறங்கிய பயணிகளுள் பெருந்தொகையினர் மலைநாட்டுத் தோட்டங்களை நோக்கிச் சென்ற தொழிலாளர் என்பதை நாம் மறத்தலாகாது. மண்டபம் முகாமில் தங்கி, கடல் கடந்து, குழந்தைகளோடும் மூட்டைகளோடும் வந்தவர்கள் அவர்கள். மன்னார்ப் பாதை சமதரை. அங்கே வண்டி நழுவுவதற்குச் சரிவு இல்லை. ஆனால் கடுகண்ணாவைக்கு ஏறும் பாதையிலோ, ஏறத்தாழ 45 அடி செல்ல 1 அடி உயரும் ஏற்றம். அங்கே குழாயை நம்பியே மனிதர் அமர்ந்திருந்தனர். அன்றியும், உயரம் கூடக் கூடக் காற்றின் எடை குறைகிறது. கடலோர மன்னாரில் 30 அங்குல இரசத்தைத் தாங்கும் காற்று, ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள பட்டிப்பொலையில் ஏறத்தாழ 24 அங்குலத்தையே தாங்கும். தள்ளுவது வெளிக்காற்று ஆதலின், அது மெலிந்த இடத்தில் வெற்றிட பிறேக்குக்குக் கிடைக்கக்கூடிய வலிமையும் குறையும். வலிமை மிக வேண்டிய மலையில் அது குறைவாகவும், சமதரையான மன்னாரில் நிறைவாகவும் கிடைப்பது இம்முறையின் இயல்பான குறை.

தானாக இயங்கும் முறை வந்தபின் குழாயைப் பற்றிக் கவலை வேண்டாமா? வேண்டும். அதிலும் மௌனமான பிழை ஒன்று எஞ்சியிருந்தது. கடைசிப் பெட்டியின் பின்புறக் குழாயைத் திறந்து விடுவதில்லை. அதனை ஒரு வாயடைப்பின்மீது பொருத்தி வைப்பர். இடையிலுள்ள பெட்டி ஒன்றின் குழாயை, அடுத்த பெட்டியோடு இணைக்காமல், தவறுதலாக அந்த வாயடைப்பிலேயே விட்டுவிட்டால் என்ன ஆகும்? சாரதியின் அமுக்கமானி நல்ல வெற்றிடம் காட்டும். ஆனால் அதற்கு அப்பால் உள்ள பெட்டிகளில் வெற்றிடமே இராது. நெடுநேரம் நின்ற பெட்டியில் மேலறைக்குள்ளும் காற்றுப் புகுந்திருக்குமாதலின், பிறேக் தளர்ந்து கிடக்கும். வண்டி ஓடும், பாதி வண்டிக்குப் பிறேக் இராது.

இதற்காகவே காப்பாளரின் பெட்டியிலும் ஓர் அமுக்கமானி வைத்தனர். முன்னே ஒன்று, பின்னே ஒன்று. இரண்டும் ஒத்துக் காட்டினால்தான் குழாய் முழுவதும் ஒன்றென்று கொள்ளலாம். புறப்படுமுன் காப்பாளர் தம் வால்வைத் திறந்து காற்றை விட, முன்னே சாரதியின் முள் இறங்க வேண்டும். பின்னாலிருந்து அனுப்பிய செய்தி முன்னால் வந்து சேர்ந்தது என்பதற்கு அதுவே சான்று.

வெற்றிடம் ஏறவில்லை என்றால் கசிவைத் தேட வேண்டும். அனுபவமுள்ளோர் பெட்டி பெட்டியாக ஓடித் தேடுவதில்லை. வண்டியின் நடுவே குழாயைப் பிரித்து முன் பகுதியை அடைத்துப் பார்ப்பர். முன் பகுதியில் வெற்றிடம் ஏறினால் பிழை பின் பகுதியில். ஏறாவிட்டால் முன் பகுதியில். எஞ்சிய பாதியை மறுபடியும் பாதியாக்குவர். 16 பெட்டிகளாயினும் 4 முறையில் பிழையுள்ள பெட்டி அகப்பட்டுவிடும். பின்னர்க் காது உதவும். சீறும் ஒலி இடத்தைக் காட்டும். பெரும்பாலும் பிழை, வெடித்த றப்பராகவோ, இணைப்பு வாயில் தேய்ந்த வளையமாகவோ இருக்கும். கணக்குப் பாடத்தில் பாதியாக்கும் முறையை எதற்குப் படிப்பது என்று கேட்கும் மாணவனுக்கு இதைவிட நல்ல விடை வேண்டியதில்லை.

இனி, பாதையின் பிற்காலத்தைச் சில சொற்களில் கூறுவேன். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு எழுந்த புயலிலே தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து அங்கே சென்ற புகையிரதம் பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. அதன்பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடி, 1980களில் நின்றது. போரினால் 1990இல் மன்னார்ப் பாதையும் நின்றது. தண்டவாளங்கள் மறைந்தன, பாதை இருந்த இடத்தில் பற்றைகள் வளர்ந்தன. இந்தியாவின் உதவியோடு மீண்டும் அமைக்கப்பட்டு, 2013இல் மடு வீதி வரையும், 2015 மார்ச் 14ஆம் நாள் தலைமன்னார் வரையும் புகையிரதம் திரும்பி வந்தது.

அந்த இருபத்தைந்து ஆண்டுகளில் மன்னார் மக்கள் எதில் பயணம் செய்தனர்? பேருந்திலும், வானிலும், பாரவூர்தியிலும். இன்றும் நம் தெருக்களில் ஓடுவனவற்றுள் டேர்போ பூட்டிய டீசல் வான்கள் பல. ஆகவே குழாயின் கதை தண்டவாளத்திலிருந்து தெருவுக்கு இறங்குகிறது.

டேர்போ என்பது யாது? இயந்திரம் வெளிவிடும் புகையின் வேகத்தால் ஒரு சுழலியைச் சுற்றச் செய்து, அதே அச்சில் உள்ள மற்றொரு சுழலியால் காற்றை அழுத்தி இயந்திரத்துக்குள் ஊட்டுவது. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905இலேயே இதற்கு உரிமை பெற்றார். புகையிரத இயந்திரங்களுக்கும் இது வந்தது. 1996இல் இந்தியாவிலிருந்து நம் நாட்டுக்கு வந்த எம் 8 வகை இயந்திரங்கள் டேர்போ பூட்டியவையே. நீராவி இல்லாத அவற்றில் வெற்றிடத்தை உண்டாக்கத் தனிப் பம்பி வேண்டும்.

மோட்டார் வண்டியிலும் அப்படியே. டீசல் இயந்திரத்தில் ஒரு சிறு வெற்றிடப் பம்பி இருக்கும். பிறேக் மிதியை இலேசாக்கும் உதவிப் பெட்டிக்கு அதிலிருந்து ஒரு குழாய் செல்லும். பல வண்டிகளில் டேர்போவைக் கட்டுப்படுத்தும் கருவிக்கும் அதே பம்பியிலிருந்து மெல்லிய குழாய்கள் செல்லும். பெற்றோல் டேர்போ வண்டியிலோ நிலைமை இன்னும் சிக்கலானது. இயந்திரம் சும்மா ஓடும்போது ஒரு குழாயில் வெற்றிடம். ஏற்றத்தில் மிதிக்கும்போது அதே குழாயில் அமுக்கம். ஒருமுறை உள்ளிழுக்கப்படும் றப்பர் மறுமுறை வெளித்தள்ளப்படுகிறது. வெப்பமும் எண்ணெயும் அதனை இறுகச் செய்ய, ஒருநாள் அது தன் இடத்திலிருந்து நழுவிவிடுகிறது.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மோட்டார் வண்டியின் பிறேக் உதவிக் குழாய், 1889க்குப் பிந்திய புகையிரதக் குழாயைப் போன்றதன்று. அதற்கு முந்திய குழாயைப் போன்றது. அது கழன்றால் வண்டி நிற்காது; பிறேக் உதவி குறையும். மிதி கல்லைப் போலக் கடினமாகும். வண்டியை நிறுத்த முடியும். ஆனால் பன்மடங்கு பலத்தோடு மிதிக்க வேண்டும். ஒரு வழி வால்வு ஒன்று சேமித்து வைக்கும் வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிகளுக்கே போதும். புகையிரதத்தில் குழாயே காவல் செய்தது. வானில் காவல் செய்ய வேண்டியவர் சாரதியும் திருத்துபவருமே.

ஆதலின், கழன்ற குழாயைத் தேடும் முறையை அறிந்திருத்தல் நல்லது. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது தொடங்குக. பல வண்டிகளில் பொனற்றின் உட்புறத்தில் குழாய்களின் வரைபடம் ஒட்டப்பட்டிருக்கும். அதனை முதலிற் பார்க்க. பின் பம்பியிலிருந்தோ, காற்றுப் புகும் குழலிலிருந்தோ தொடங்கி, ஒவ்வொரு குழாயையும் அதன் முடிவுவரை விரலாற் பின்தொடர்க. நடுவிலிருந்து தொடங்குவோர் வழி தவறுவர். குழாய் பொருந்தியிருந்த முனை சுற்றிலும் அழுக்கின்றித் துலங்கும். கழன்ற குழாயின் வாய் அந்த முனையின் அளவுக்கு விரிந்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று காட்டிக் கொடுக்கும். அளவு ஒத்தது என்பதற்காக மட்டும் எதையும் எதிலும் மாட்டுதல் கூடாது. வாயடைப்பில் மாட்டிய புகையிரதக் குழாயை நினைவிற் கொள்க. ஒரு வழி வால்வின் திசையையும் பார்த்துப் பொருத்துக. எதைக் கழற்றினாலும் கழற்றுமுன் இரு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டுக.

இறுதியில் ஒரு சோதனை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு பிறேக்கைப் பலமுறை மிதித்து, மிதி இறுகியபின் காலை அதன்மேல் அழுத்தியபடியே இயந்திரத்தை இயக்குக. மிதி சிறிது கீழே தாழ்ந்தால் வெற்றிடம் வந்து சேர்ந்தது என்பது பொருள். தாழாவிட்டால் வண்டி தெருவுக்குப் போகலாகாது. இது காப்பாளரின் அமுக்கமானியைப் போன்றது. தொடக்கத்தில் இருப்பது முடிவுவரை சென்றதா என்று கேட்பது. இதற்குக் காசு செலவில்லை. அரை நிமிடம் போதும். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வான் சாரதிகள் காலைதோறும் இதனைச் செய்துவிட்டுப் புறப்படுவார்களாயின், பெற்றோர் அவர்களுக்கு நன்றியுடையராவர்.

மனிதர் செய்யும் எந்த இணைப்பும் ஒருநாள் கழலக்கூடியதே. றப்பர் இறுகும், வளையம் தேயும், கை மறக்கும். கழலாத இணைப்பைச் செய்வோம் என்று 1889இன் சட்டம் சொல்லவில்லை. கழன்றால் உடனே தெரிய வேண்டும், தெரிந்தவுடன் வண்டி நிற்க வேண்டும் என்றே அது சொல்லியது. ஆர்மாவில் மாண்ட பிள்ளைகளுக்குப் பின்வந்தோர் செய்த கைம்மாறு அது. அந்தக் கைம்மாற்றின் பயனைத்தான், பேசாலைக் கடற்காற்றில் ஓடிய புகையிரதத்தில் அமர்ந்திருந்த நம் முன்னோரும், அறியாமலே பெற்றனர்.